குழுவில் உறவு கூடாது

மழை சொல்லிக்கொண்டா வரும்? சந்தையில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் ஓட, அவள் மட்டும் ஓடவில்லை. முட்டையை வைத்துக்கொண்டு எங்கே ஓடுவது? அட்டைத் தட்டுகளை நடுவுக்கு இழுத்துவிட்டு, தார்ப்பாய்க்குக் கீழே குறுகி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவன் உள்ளே நுழைந்தான். தோளில் கருவிப் பை... தலையிலிருந்து சொட்டும் தண்ணீர்... தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொந்தி மாதிரித் தொங்கியதைப் பார்த்தான். பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். உதவுகிறேன் பேர்வழி என்று இரண்டு கையாலும் அதைத் தூக்கிவிட்டான்.

அத்தனை தண்ணீரும் முட்டைத் தட்டுகள் மேல் கொட்டியது. ஊறிய அட்டை எவ்வளவு தாங்கும்? அவள் அவசரமாகத் தூக்கியதும் அடித்தட்டு பிய்ந்துகொண்டது.

"உங்களை யாருங்க கூப்பிட்டது?"

"தண்ணி தேங்கி இருந்துச்சு... பாய் கிழிஞ்சிடுமேன்னு..."

"பாய் நல்லாதான் இருக்கு. என் பொழப்புதான் கிழிஞ்சிருக்கு."

அவன் கைக்கு ஒன்றாக இரண்டு முட்டைகளைப் பிடித்தபடி நின்றான். "இந்த ரெண்டைக் காப்பாத்திட்டேன்," என்றான் பாவமாக.

திட்ட வாயெடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கண்கள்... மழை கழுவிவிட்ட மாதிரி அப்படியொரு தெளிவு. திட்ட மறந்து அந்த இரண்டு முட்டைகளையும் வாங்கிக்கொண்டாள். சே, இதென்ன புத்தி என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மறுநாள் புதுத் தார்ப்பாயோடு வந்து, தண்ணீர் தேங்காதபடி சாய்வாகக் கட்டிக்கொடுத்தான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்காம். அதற்கு அடுத்த நாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும்.

"முடிச்சு சரியா இருக்கான்னு பாக்க வந்தேன்."

"தினம் தினம் அவிழற முடிச்சாவா போட்டீங்க?"

"அவிழாது... இருந்தாலும் ஒரு பயம்."

பக்கத்துச் செருப்புக்கடைக்காரி களுக்கென்று சிரித்தாள். முட்டைக்காரிக்குக் காது மடல் வரை சூடேறியது. அவன் பிளாஸ்டிக்கம்மாவின் மகன் என்று தெரிந்தபோது, மனசு கைமீறிப் போயிருந்தது.

அதில்தான் வந்தது வினை. வாளியும் வட்டிலும் விற்கும் பிளாஸ்டிக்கம்மாதான் அவள் சேர்ந்திருந்த கடன் குழுவுக்குத் தலைவி. ஐந்து பெண்கள், ஐந்து கடைகள். ஒருத்தி கட்ட முடியாவிட்டால் மற்ற நாலு பேரும் கட்ட வேண்டும். அதனால்தான் ஒரே குழுவில் உறவுக்காரர்கள் கூடாது என்று கறாராக ஒரு விதி. ஒரு குடும்பம் சாய்ந்தால் இரண்டு கடன் சாயுமே.

முதல் கடனில்தான் அவள் தலைச்சுமையை விட்டுத் தள்ளுவண்டிக்கு மாறினாள். இப்போது இரண்டாவது கடன், பெரியது. சந்தைக்குள் கூரை போட்ட ஒரு கடை காலியாக இருந்தது. இந்த வாரம் முன்பணம் தராவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும். அவளையும் அவள் அம்மாவையும் காப்பாற்ற அந்தக் கூரையை விட்டால் வேறு வழியில்லை.

"நாளைக்கு எல்லார்கிட்டயும் உறவு இருக்கான்னு கேப்பாங்க," என்றாள் அவனிடம். "இல்லன்னு சொன்னா, கடன் முடியற வரைக்கும் ரெண்டு வருஷம் கல்யாணம் பத்திப் பேச முடியாது. மீறினா அஞ்சு பேரும் மொத்தமா திருப்பிக் கட்டணும்."

"ரெண்டு வருஷமா? அம்மா இந்த மாசமே பொண்ணு பாக்கறாங்க. அவங்ககிட்ட நம்ம விஷயத்தைச் சொல்லிடறேனே..."

"சொன்னா என் கடை போயிடும்."

"அப்போ நான் போனா பரவால்லயா?"

கெஞ்சினால் குறைந்தா போய்விடுவாள்? ரோஷம் விடவில்லை. "அவங்க பாக்கற பொண்ணையே கட்டிக்குங்க," என்று சொல்லிவிட்டாள். அவன் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டான். அன்று முடிச்சைக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் தையல்காரியின் கடையில், துணி மூட்டைகளுக்கு நடுவில் கூட்டம். அம்மாவை இறக்கிவிட்டவன் வண்டியோடு வெளியிலேயே நின்றுவிட்டான். அவள் பக்கம் திரும்பவே இல்லை.

கடன் கொடுக்கும் அதிகாரி ஒவ்வொருத்தியாகக் கேட்டார். தையல்காரி இல்லை என்றாள். பழக்காரி இல்லை என்றாள். செருப்புக்கடைக்காரியும் பிளாஸ்டிக்கம்மாவும் அதையே சொன்னார்கள்.

"உங்களுக்கு எப்படிம்மா? இந்தக் குழுவில யாராவது உறவா?"

இல்லை என்று சொல்வதற்கு என்ன, ஒரு வார்த்தை. சொல்லிவிட்டால் கூரை அவளுடையது. அவன் யாரோ, அவள் யாரோ. வாயைத் திறந்தாள்... அந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்றது. தனக்காக ஜாமீன் நிற்கும் நாலு பேர் முகத்தைப் பார்த்தாள்.

"இப்போ இல்ல சார்."

"இப்போ இல்லன்னா?"

"இவங்க மகனை எனக்குப் பிடிச்சிருக்கு." சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "அவருக்கும் பிடிச்சிருந்தது... நேத்து வரைக்கும்."

அதிகாரி பேனாவை மூடினார். "அப்போ ஒருத்தர் விலகணும். மீதி நாலு பேருக்கு நடக்கும். இல்லன்னா யாருக்கும் கிடையாது."

"உன் காதலுக்கு நாங்க பலியா?" என்று சீறினாள் தையல்காரி.

"வேண்டாங்க்கா. என் பேரை அடிச்சிடுங்க சார்," என்று எழுந்தாள் அவள். கூரை போச்சு.

"உக்காருடி." பிளாஸ்டிக்கம்மாவின் குரல். "இவனுக்குப் பொண்ணு தேடி அலைஞ்சு என் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். இங்க சந்தைக்குள்ளேயே நடந்திருக்கு, எனக்குத் தெரியல." சொன்னவள் முகம் கடுகடுவென்று இருந்தது. "சார், என் பேரை அடிங்க."

"அம்மா... உங்க சரக்கு..."

"மழையில நனைஞ்சா என் வாளிக்கு என்ன ஆகப்போகுது? முட்டைக்குத்தான் கூரை வேணும். நான் அடுத்த வருஷம் வேற குழுவில சேந்துக்கறேன். அப்புறம், என்ன அம்மா? அத்தைன்னு கூப்பிடு."

கையெழுத்துப் போட்டது அவளுக்கு நினைவில்லை. வெளியே வந்தாள். அவன் வண்டியில் சாய்ந்து எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"கடன் கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

"சந்தோஷம்." அவன் வண்டிச் சாவியைத் திருகினான். "அப்போ இல்லன்னு சொல்லிட்டே."

அவள் சாவியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"உள்ளே அஞ்சு பேர்கிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட மட்டும்தான் இன்னும் சொல்லல."

"என்னத்தை?"

"உங்களை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு..." என்றாள், அவன் கண்களை நேராகப் பார்த்து. "உங்க அம்மாவை இனிமே நான் அத்தைன்னுதான் கூப்பிடணுமாம்."