அக்கா கேட்ட குரல்

"அழுகை தொண்டையிலயே நிக்குதும்மா. வயித்துலேர்ந்து வரணும். ஒண்ணு, ரெண்டு, மூணு... அழு!"

வடபழனி ஒலிப்பதிவுக் கூடத்தில் டப்பிங் பொறுப்பாளர் ஜெபமணி கத்தினார். குரல் கொடுக்க வந்த சௌந்தரா பன்னிரண்டாவது முறையாக அழுதாள். அந்த அழுகை மாட்ரிட் நகரில் நான்காம் மாடி வீடொன்றின் சுவருக்குள் போய், அந்த அறையின் எதிரொலியோடு திரும்பியது. சுவர்ச்செவி என்ற கருவி வந்த பிறகு பேய்ப்படங்களுக்குப் பொய் எதிரொலி போதவில்லை. சம்பவம் நடந்த சுவரே வேண்டும். சுவரில் படிந்த பழைய ஒலிகளையும் அது மீட்டுத் தரும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன், 1991இல், அந்த வீட்டில் மரிசோல் என்ற பதினைந்து வயதுப் பெண் ஆறு நாட்கள் சுவரில் குரல்களைக் கேட்டாள். ஏழாம் நாள் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தாள். பேய் என்றன செய்தித்தாள்கள். அதைத்தான் ஸ்பானியர்கள் படமாக்கியிருந்தார்கள்; இங்கே நடந்தது அதன் தமிழ் டப்பிங். சுவரைத் தந்தவர் அவள் தம்பி ஆந்த்ரேஸ், இப்போது எழுபது வயது. அக்கா கேட்ட குரல் கிடைத்தால் தனக்குப் போட்டுக் காட்ட வேண்டும் என்பதே அவர் நிபந்தனை.

"நான் கீழே தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தேன்," என்றார் ஆந்த்ரேஸ், வீடியோ அழைப்பின் திரையில். மொழிமாற்றிக் கருவி அவர் பேச்சைச் செய்தி வாசிப்பவரின் குரலில் தமிழாக்கித் தந்தது. "என் பெயரைக் கத்தியபடி எட்டிப் பார்த்தாள், விழுந்துவிட்டாள். என்னை ஏன் தேடினாள்? அது தெரியாமல் சாக மாட்டேன்."

அன்று மதியம் சுவரின் பழைய ஒலிகளுக்குள் அந்தக் குரல் கிடைத்தது.

"ஒண்ணு, ரெண்டு, மூணு... அழு!"

ஜெபமணி துள்ளி எழுந்தார். "ஐயோ, இது என் குரலாச்சே!"

சுவருக்குள் அனுப்பும் ஒலி எந்த ஆண்டில் வெளிவரும் என்று உறுதி கூற இயலாது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. கையேட்டை நம்மில் யார் படிக்கிறோம்?

"அப்போ பேயே நாமதானா சார்?" சௌந்தரா இப்போது நிஜமாகவே அழுதாள். "சின்னப் பொண்ணு சார்..."

ஆந்த்ரேஸ் திரையை நெருங்கி வந்து, "அப்படியானால் நீங்கள் சொல்வது அவளுக்குக் கேட்கும். பயப்படாதே என்று சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னால் நம்புவாள்," என்றார்.

சொல்வது ஸ்பானிய மொழியில் போய்ச் சேரும்படி ஜெபமணி மொழிமாற்றியைச் சுவரோடு இணைத்தார். சௌந்தரா மைக்கருகே குனிந்தாள். அத்தனை கனிவாக அவள் எந்தப் படத்திலும் பேசியதில்லை.

"மரிசோல், பயப்படாதம்மா. நாங்க உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம். உன் தம்பி ஆந்த்ரேஸ் எங்ககிட்டதான் இருக்கான்."

எதிரொலி திரும்பியது. கூடவே நாற்காலி சாயும் சத்தம், ஓடும் காலடிகள், ஜன்னல் திறக்கும் சத்தம். ஒரு பெண் உயிர்போகக் கத்தினாள்.

"ஆந்த்ரேஸ்!"

திரையில் கிழவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான் சொல்லச் சொன்னேன்," என்றது மொழிமாற்றி, செய்தி வாசிக்கும் அதே குரலில்.