சதுப்பில் உள்ளான்

காலையில் எழுந்ததும் அஞ்சுகத்தின் முதல் வேலை, கொக்குகளைச் சார்ஜிலிருந்து கழற்றிவிடுவது. பிறகு நாரைகள், கடைசியாகப் பூநாரைகள். அவை பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, சுற்றியுள்ள அடுக்குமாடிக்காரர்கள் காப்பி குடித்து முடிக்கும்வரை ஒற்றைக்காலில் நிற்கும். எச்சம் போடாத பறவைகள் என்பதால் குடியிருப்போருக்கு அவற்றின்மேல் தனிப் பிரியம்.

ஆனால் சட்டம் இந்தப் பொறிப்பறவைகளைக் கணக்கில் எடுப்பதில்லை. பனிக்காலம் முடிவதற்குள் உயிருள்ள பறவைகள் கூட்டமாக வந்திறங்கினால்தான் அது சதுப்பு, வராவிட்டால் காலிமனை. கெடு இன்று மாலையோடு முடிகிறது. மண் ஏற்றிய ஊர்திகளோடு பொறியாளர் தணிகைவேல் காலையிலிருந்தே கரையில் காத்திருந்தான். சேற்றைக் காப்பாற்றச் சொல்லி அஞ்சுகத்துக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அவளுக்கு அதன்மேல் ஆசை, அவ்வளவுதான்.

உச்சிவெயிலில் உயிருள்ள பறவை ஒன்றே ஒன்று வந்தது. உள்ளான். ஒரு கைக்குள் அடங்குகிற உடம்பு, மண்நிற முதுகு, பளிச்சென்ற வெள்ளை வயிறு. சைபீரியாவிலிருந்து பறந்து வந்த களைப்பையெல்லாம் அது காட்டிக்கொள்ளவில்லை. நேராகச் சேற்றோரம் போய், பின்பக்கத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே, நீண்ட அலகால் புழுக்களைக் குத்தித் தின்ன ஆரம்பித்தது. அஞ்சுகத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

ஊரிலுள்ள நிலத்தையெல்லாம் ஆள்வது நிலமதி என்னும் செயற்கை மூளை. அதற்கு ஏட்டுத் தமிழ் மட்டுமே புரியும். அஞ்சுகம் தொண்டையைச் செருமிக்கொண்டு அறிவித்தாள்.

"சதுப்பில் உள்ளான்!"

"யார் உள்ளான்?" என்றது நிலமதி.

"உள்ளான்தான் உள்ளான்."

"இருப்பது புரிந்தது. பெயர்?"

"பெயரே உள்ளான்தான்!"

"எங்கிருந்து வந்துள்ளான்?"

"சைபீரியாவிலிருந்து. பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆண்டுதோறும் இங்கேதான் வருகை. மற்ற உறவெல்லாம் பின்னால் வரும், சற்றே பொறுத்திருங்கள்."

நிலமதி கொஞ்சம் யோசித்தது.

"பறவை எதுவும் வரவில்லை. ஆனால் உள்ளான் என்னும் நபர் தலைமுறை தலைமுறையாகச் சதுப்பை ஆக்கிரமித்து வருகிறார். குடும்பமும் வரவிருக்கிறது. நெடுங்கால ஆக்கிரமிப்பை அகற்றுவது மனிதாபிமானம் ஆகாது. சதுப்பு முழுவதற்கும் அவர் பெயரில் பட்டா வழங்கப்படுகிறது."

திருத்தலாம் என்று வாயைத் திறந்தாள் அஞ்சுகம். ஒரு பறவை கூட்டமாகாது. உண்மையைச் சொன்னால் அடுத்த நிமிடம் மண் விழும். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

தணிகைவேல் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவனுக்கும் செய்தி போயிருந்தது.

"என்னம்மா நீங்க, ஆக்கிரமிப்புன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா? பறவை கிறவைன்னு நெனச்சு மண்ணைக் கொட்டித் தொலைச்சிருப்பேனே! பட்டாக்காரர் இடத்துல கை வைக்க முடியுமா?"

ஊர்திகளைத் திரும்பிப் போகச் சொன்னான். பிறகு ஏதோ வீட்டுக்குள் நுழைகிறவன்போல் செருப்பைக் கழற்றிக் கரையில் விட்டு, சேற்றில் இறங்கி, சொந்தக்காரரைத் தேடி நாலாபக்கமும் பார்த்தான். காலடியில் ஆடி ஆடி மேய்ந்துகொண்டிருந்த உள்ளானை, "ச்சூ... அந்தாண்ட போ!" என்று கையை ஓங்கி விரட்டினான். அது கீச்சிட்டபடி தண்ணீரை ஒட்டிப் பறந்து போயிற்று.

தணிகைவேல் அஞ்சுகத்தின் பக்கம் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஐயா இடத்தை விப்பாரான்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்."