கேட்காமல் வந்த பைட்டுகள்

பூசான் துறைமுகத்துச் சூரைமீன் குளிர்கிடங்கில் பன்னிரண்டு வெப்ப உணரிகள் ஒரே கம்பியில் கோக்கப்பட்டிருந்தன. கட்டுப்பாட்டுப் பலகை ஒவ்வொன்றையும் எண் சொல்லிக் கேட்கும். கேட்கப்பட்டது மட்டும் பதில் சொல்லும். அன்று மதியமும் பன்னிரண்டாவதன் பதிலுக்குப் பின்னால், யாரும் கேட்காத இரண்டு பைட்டுகள் வந்தன.

அதில் குழம்பிய பலகை குளிரூட்டியை நிறுத்தி நிறுத்திப் போட்டது. அந்தப் பலகையின் நிரலை எழுதியவள் தக் யோங்ஜு. இதே கோளாறுக்காக முன்பும் வந்து தோற்றுத் திரும்பியிருந்தாள்.

"இன்னிக்கும் சரியாகலேன்னா மீனெல்லாம் போச்சு, இஞ்சினியரம்மா," என்றார் மேற்பார்வையாளர் பியோ. "சீக்கிரம் வாங்க. லேட்டானா உங்களையும் சூரைன்னு ஏலம் விட்டுருவாங்க." அவள் உள்ளே போனதும் கதவு மூடிக்கொண்டது.

மைனஸ் ஐம்பது. இமைகளில் மூச்சு உறைய, வாலறுந்த மீன்கள் மரக்கட்டைகளாய் அடுக்கப்பட்ட இருட்டுக்குள் நடந்து, கம்பியை மாற்றினாள், எர்த்தை இறுக்கினாள், முனையில் ரெசிஸ்டர் வைத்தாள். பைட்டுகள் நிற்கவில்லை. அழுகை முட்ட, உணரிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசியும் கழன்றதும் கம்பி ஊமையாகியிருக்க வேண்டும்.

கையிலிருந்த சோதனைக் கருவியில் இரண்டு பைட்டுகள். முதலாவது, உணரியின் எண்: பதின்மூன்று. அடுத்தது வெப்பநிலை: மைனஸ் நாற்பது.

பார்க்கும்போதே மைனஸ் முப்பத்தெட்டு.

வாக்கிடாக்கியை அழுத்தினாள். "பியோ அண்ணே, பதிமூணாவதா எதையாவது மாட்டினீங்களா?"

"பன்னெண்டுதாம்மா. ஏன்?"

"ஒண்ணு சூடாகிட்டே வருது."

இரைச்சல். பிறகு கேலியில்லாத குரல். "எல்லாத்தையும் போட்டுட்டு வெளிய வாங்க. இப்பவே."

கருவியைக் கம்பியிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கம்பியில்லாமலே திரையில் எண் ஏறிக்கொண்டே இருந்தது. கதவின் கைப்பிடி பிடிமானமின்றிச் சுழன்றது.

"தள்ளுங்க அண்ணே!"

"தள்ளிட்டுதான் இருக்கேன்! நகர மாட்டேங்குது!"

பூஜ்யம். பின்னால் எங்கோ தண்ணீர் சொட்டியது. தண்ணீர் சொட்டவே முடியாத இடத்தில். இதுவரை எந்த வாடையும் இல்லாதிருந்த காற்றில் பச்சை மீனின் கவிச்சி.

இருபது. ஈரத்தரையில் ஏதோ இழுபடும் சத்தம்.

முப்பது. விரல்கள் மரத்துவிட்டன. கதவைக் குத்த முடியவில்லை. கத்தவும் வரவில்லை.

முப்பத்தாறு.

முதுகில் இளஞ்சூடு பரவியது. திரும்பக் கூடாது. திரும்பவில்லை. ஆனால் குளிரில் விறைத்த உடம்பு அவள் சொல்லைக் கேட்கவில்லை. அந்தச் சூட்டுக்கு ஏங்கி மெல்லப் பின்னால் சாய்ந்தது.

சாய ஒரு மார்பு இருந்தது. சூடாக. ஈரமாக.

அது மூச்சு விடவில்லை.