கலர் பென்சிலில் திறந்த கோப்பு

வகுப்பில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர். ஆள்தான் சின்னவள், மூளை பெரிசு. கட்டம் கட்டமாக நிறம் நிரப்பிப் படம் வரையும் செயலியை அவளே எழுதியிருந்தாள். வகுப்பே அதில்தான் வரைந்தது. ஆனால் செயலி அவளுடைய மடிக்கணினியில் மட்டுமே இருந்தது; கோப்புகளைத் திறக்க அதுதான் வேண்டும். அந்தப் பெருமையில் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பெற்றோருக்குப் படங்களைக் காட்டும் கண்காட்சியன்று காலை மடிக்கணினி மண்டையைப் போட்டது.

படங்கள் பென்டிரைவில் இருந்தன. பள்ளிக் கணினியில் திறந்தால் வெறும் எண்கள்.

"என் நாய்க்குட்டி எங்கடி?" என்றாள் வகுப்பிலேயே உயரமான ஒட்டடைக்குச்சி.

"அந்த எண்ணுக்குள்ளதான் இருக்கு."

"எண்ணைப் பாக்கவா எங்கம்மா லீவு போட்டுட்டு வர்றாங்க?"

எந்த எண் எந்த நிறம் என்பது சுண்டெலிக்கு மட்டுமே தெரியும். சொல்லிவிட்டால் யார் வேண்டுமானாலும் இதேபோல் செயலி எழுதிவிடலாம். சொல்ல மனசு வரவில்லை. ஒட்டடைக்குச்சியின் கண்கள் கலங்கியிருந்தன. சுண்டெலி சாக்பீஸை எடுத்தாள்.

'முதல் எண், ஒரு வரிசையில் எத்தனை கட்டம் என்பது. பிறகு கட்டத்துக்கு ஓர் எண். 0 வெள்ளை, 1 கறுப்பு, 2 பழுப்பு...' எதையும் மறைக்காமல் கரும்பலகை நிறைய எழுதினாள்.

"இதை நாங்க எடுத்துக்கிட்டா உன்னைக் கேக்கணுமா?" என்றான் முன்பெஞ்சு வாயாடி.

"வேணாம். யார் வேணா எடுத்துக்கலாம். இந்த எண்களை மாத்தணும்னா மட்டும் எல்லாரும் சேர்ந்து பேசி மாத்துவோம். நானும் தனியா மாத்த மாட்டேன்."

புதுச் செயலி எழுத நேரமில்லை. வாயாடி கட்டம் போட்ட தாள்களை ஒட்டினான். சுண்டெலி எண்களை வாசிக்க வாசிக்க, மற்றவர்கள் கலர் பென்சிலால் நிரப்பினார்கள். முதலில் காது வந்தது, பிறகு மூக்கு.

ஒட்டடைக்குச்சியின் அம்மா உள்ளே வந்தபோது, நாய்க்குட்டி சுவரில் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றது. அவர் அதன் முன்னாலேயே வெகுநேரம் நின்றார்.

மறுவாரம் வாயாடி தானே எழுதிய செயலியோடு வந்தான். அதே கோப்பு அதில் இன்னும் பளிச்சென்று திறந்தது.

"உன்னோடதைவிட நல்லா இருக்குல்ல?"

சுண்டெலிக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பெருமை அதிகம்.

"இருக்கு. ஆனா கலர் பென்சில்லயே திறக்கிற கோப்பு, நம்ம வகுப்பைத் தவிர வேற யார்கிட்ட இருக்கு?"