மேசையில் மூன்று, பட்டியலில் நான்கு

டாக்டரம்மா கடைசியாகக் கண் இமைத்துப் பதினோரு வருஷம் ஆகிறது. அப்படித்தான் அவர் சொல்லிக்கொள்வார். எக்ஸ்ரே படம் படிக்கிறவர். ஒரு நாளைக்கு நானூறு நெஞ்சுக்கூடு, இருநூறு முழங்கால், வாரக் கடைசியில் ஒரு லாரி இடுப்பெலும்பு, இதில் இமைக்க எங்கே நேரம் என்பார். நுரையீரலில் கடுகில் பாதியளவு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் அந்தக் கண் பிடித்துவிடும். அவருக்குச் சோறு, பெயர், திமிர் எல்லாமே அந்தக் கண்தான். கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள், அதே ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் ஒருவனைத் தவிர. தும்மும்போது என்ன பண்ணுவீங்க அண்ணி என்பான்.

அவனுக்குப் பட்டப்பெயர் பிளக்கு. எந்த இயந்திரம் படுத்தாலும் ஒயரைக் கழற்றி மாட்டுவான், அது எழுந்துவிடும். லிஃப்டையே அப்படி எழுப்பியவன். மாமனார் படுத்த படுக்கையானபோது அவருடைய பிடரிக்குக் கீழேயும் ஒயரைத் தேடினான் என்று டாக்டரம்மா வாரிவிடுவார்.

அன்று காலை அவன் டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில், மானிட்டர்களுக்குப் படம் அனுப்பும் கார்டை மாற்றிவிட்டுப் போயிருந்தான். மேசையில் மூன்று மானிட்டர். இடதில் பழைய படம், நடுவில் புதுப் படம், வலதில் அறிக்கை. கார்டு மாறினால் எது எந்தப் பக்கம் என்று கம்ப்யூட்டருக்கு மறந்துபோகும். அப்போது மானிட்டர் பட்டியலைத் திறந்து 'அடையாளம் காட்டு' என்பதை அழுத்தினால், ஒவ்வொரு திரையிலும் அதனதன் எண் பெரிதாக வரும், வரிசைப்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தான்.

"நீ யாருன்னு கேபிள் வழியா கம்ப்யூட்டர் கேக்கும் அண்ணி. மானிட்டர் தன் பேரு, எந்த வருஷம், எத்தனாவது வாரத்துல செஞ்சதுன்னு ஒப்பிச்சிடும். பொய்யே சொல்லத் தெரியாது, உங்கள மாதிரி இல்ல."

மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஜன்னலே இல்லாத அந்த அறையில், கதவை மறைத்த கறுப்புத் துணிக்கு வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரை உருட்டிப்போகும் சத்தம் தேய்ந்து மறைய, சூடான தூசியும் ஸ்பிரிட்டும் கலந்த வாசனையில், யாரோ ஒருவருடைய விலா எலும்புகளின் வெளிச்சம் மட்டும் முகத்தில் விழ, டாக்டரம்மா மவுஸை வலது பக்கமாகத் தள்ளினார். அம்பு மூன்றாவது திரையின் ஓரத்தில் முட்டி நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஓரத்தைத் தாண்டிப் போனது. போன அதே நொடியில் அவருடைய வலது கண்ணின் கடைவிழியில் எறும்பு ஒன்று ஊர்ந்து உள்ளே நுழைந்த மாதிரி இருந்தது.

கண்ணைத் தேய்த்துக்கொண்டு பட்டியலைத் திறந்தார். மானிட்டருக்கு ஒன்றாக மூன்று கட்டங்கள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு இருந்தன.

'அடையாளம் காட்டு' என்பதை அழுத்தினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்காவதைக் காணோம். மேசைக்கடியில் குனிந்து, சிலந்தி வலை ஒட்டிய கேபிள்களை விரலால் தொட்டு எண்ணினார். மூன்றுதான். அலமாரிக்குப் பின்னாலும் பார்த்தார். பிறகு அந்த நான்காவது கட்டத்தைத் தட்டி விவரம் கேட்டார். பெயர் இல்லை. செய்த வருஷம், அவர் பிறந்த வருஷம். வாரம் முப்பத்தொன்று. அவருக்குப் பிறந்தநாள் ஆகஸ்ட் இரண்டு. விரல் விட்டு வாரங்களை எண்ணிப் பார்த்தார். முப்பத்தொன்றில்தான் வந்து நின்றது.

பதினோரு வருஷப் பெருமையைக் கைவிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு, மறுபடி அழுத்தினார்.

இமைக்குள்ளே, வெள்ளையாக, வாசற்கதவு உயரத்துக்கு ஒரு 4.

போனை எடுத்துக் கொழுந்தனைக் கூப்பிட்டார். அந்தப் பக்கம் பிளக்கு எதையோ மென்றுகொண்டே கேட்டான். கார்டு மாற்றினால் இல்லாத மானிட்டர் ஒன்று பட்டியலில் நிற்குமாம். இவர்கள் தொழிலில் அதற்குப் பேய் மானிட்டர் என்றே பெயராம். தினமும் நாலைந்தைத் துண்டித்து அனுப்புகிறானாம். எழுந்து வரக்கூட வேண்டாம், தன் மேசையிலிருந்தே உள்ளே நுழைந்து எடுத்துவிடுவானாம்.

"அது மானிட்டர் இல்ல தம்பி," என்றார் டாக்டரம்மா. "அது நான்."

"சரி, அப்ப உங்க வாரண்டி எப்ப முடியுது?"

"விளையாடாத. கைய வைக்காத."

திரையில் அம்பு நகர்ந்தது. அவர் கை மவுஸில் இல்லை. பாய்ந்து பிடித்து இடது பக்கம் இழுத்தார். அம்பு வலது பக்கமே போனது, நிதானமாக, பழகிய கை நகர்த்துகிற மாதிரி. ஒன்றைத் தாண்டியது. இரண்டைத் தாண்டியது. போனில் அவன் மெல்லும் சத்தம். நான்காவது கட்டத்தின் மேல் வந்து நின்றது. தம்பி வேண்டாம். மேசைக்கடியில் கையை விட்டார். எந்த ஒயர்? சுவரில் எது? 'இந்தத் திரையைத் துண்டிக்கவா?' என்று வந்தது. ஆம். இல்லை. அம்பு 'ஆம்' மேல் நின்றது. வேண்டாம்.

சொடுக்.

இருட்டு.

மூன்று மானிட்டர்களின் ரீங்காரம் மட்டும் அப்படியே இருந்தது. எக்ஸ்ரேயின் வெளிச்சம் கன்னத்தில் மெல்லிய சூடாகப் படுவதுகூடத் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு, கீழே எங்கோ விழுந்து கிடந்து "இப்ப சரியா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டேயிருந்த போனைத் தேடாமல் விட்டார்.

அவன் வந்தது செருப்புச் சத்தத்தில் தெரிந்தது. துணி விலகியது. சுவிட்ச் தட்டியது. வெளிச்சம் வரவில்லை. ஆனால் அவன் தடுமாறாமல் நடந்து வந்தான்.

"பட்டியல்ல எத்தன இருக்கு?" என்று கேட்டார்.

"மூணு. சுத்தமா இருக்கு."

"நாலாவத திரும்பச் சேரு."

மவுஸ் தட்டப்பட்டது. மறுபடி. மறுபடி. வேறு திரை எதுவும் கிடைக்கவில்லை என்று வருகிறது என்றான். பிறகு நாற்காலியைத் தன் பக்கம் திருப்பினான். அவன் மூச்சு முகத்தில் பட்டது. வெகுநேரம் பட்டது.

"அண்ணி." குரல் அவனுடையதாகவே இல்லை. "கண்ணுல எழுத்து ஓடுது."

"என்ன எழுத்து?"

"ரெண்டு கண்ணுலயும். இந்த மூலையில இருந்து அந்த மூலைக்கு. மெதுவா."

"படி."

"சிக்னல் இல்லை." அடுத்த வரி நகர்ந்து வரக் காத்திருந்தான். "கேபிளைச் சரிபார்க்கவும்."

அவன் விரல்கள், பழக்கதோஷத்தில், அவர் பிடரிக்குப் போய்த் தடவின. முடிக்கு அடியில் ஓரிடத்தில் நின்றன. அங்கேயே நின்றன. மற்றக் கையால் அவருடைய திறந்திருந்த விழியை நுனிவிரலால் தொட்டான். விரல் தூசியாக இருந்தது. அவருக்கு உறுத்தவே இல்லை.

"நீங்க சொன்னது நெசந்தான் அண்ணி," என்றான். "இமைக்கவே இல்ல."