ஜமாலுக்கு ஒரு ஜோடி

மலையேறுகிறவனுக்குக் கால்தான் குதிரை; காலணிதான் லாடம். லாடம் பிசகினால் எந்தக் குதிரையும் நடுவழியில் நின்றுவிடும். யாங்கோனின் போட்டாதாங் படகுத்துறைக்கு அருகே பழைய மலைக்காலணிகளை விற்கும் சிவானந்தன், கடைக்கு வருகிற எல்லோரிடமும் இதைச் சொல்வார். பதினொரு வயது மகள் ரேவதிக்கு அது மனப்பாடம்.

அன்று காலை உள்ளே வந்த ஹஸ்ஸானிடம் மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. அவன் கண்கள் சிவந்திருந்தன.

"அண்ணே, பனிமலைக்குப் போன எங்க ஜமால் அண்ணன் இன்னும் இறங்கலை. வழிகாட்டி மட்டும் வந்து சொன்னாரு. பனி தொடங்குற இடத்துல ஒரு கல் குடிசை இருக்காம். அங்க நடக்க முடியாமக் கிடக்காராம். கால் மரத்துப்போச்சாம்."

"எத்தனை நாளாச்சு, தம்பி?"

"ஆறு நாள். இருக்காரா, இல்லையான்னே தெரியலை. மதியம் விமானத்துல மீட்புக் குழுவோட நானும் போறேன். ஆளுக்கு இரண்டு ஜோடி காலணிதான் கொண்டுபோகலாம்னு சொல்லிட்டாங்க."

சிவானந்தன் மூன்று ஜோடிகளை எடுத்து வைத்தார். "ஈரக்காட்டுக்கு இது. இலேசா இருக்கும், தண்ணி உடனே வடிஞ்சிடும். பாறைச்சரிவுக்கு இது. அடிப்பாகம் விறைப்பு, கணுக்காலைப் பிடிச்சுக்கும். பனிக்கு இந்த இரட்டைக் காலணி. உள்ளே இன்னொரு மெத்தைச் செருப்பு இருக்கு."

"பனிக்கானதையே போட்டுக்கிட்டு நடந்துடறேன்."

"காட்டுல இரண்டாம் நாளே குதிகால் உரிஞ்சிடும். அண்ணனைத் தேடப் போற நீ, உன்னைத் தூக்க ஆள் தேடுவே."

ஹஸ்ஸான் சிரிக்க முயன்றான், முடியவில்லை. பையைத் திறந்து, தடித்த கம்பளிக் காலுறை ஒன்றை எடுத்தான். "அம்மா பின்னினது. அண்ணனும் இதே மாதிரிதான் கொண்டுபோனாரு."

ரேவதி அந்தக் காலுறைக்குள் கையை விட்டாள். பிறகு காலுறையோடு அந்தக் கையைப் பனிக்காலணிக்குள் விட்டாள். கை பாதியில் நின்றது. அவள் முகம் வெளுத்தது.

யாங்கோனில் எல்லோரும் செருப்புக்காரர்கள். பள்ளிக்கும் செருப்பு, அலுவலகத்துக்கும் செருப்பு. காலுறை அணிந்து பழகியவர் சிலரே. போன மாதம் இங்கே பனிக்காலணி வாங்கிய ஜமாலும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, வெறுங்காலில்தான் அளவு பார்த்தார். 'அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கு' என்று சொன்னதே அவள்தான்.

"அப்பா," என்றாள் மெதுவாக. "ஜமால் அண்ணனும் காலுறை இல்லாமத்தான் போட்டுப் பார்த்தாரு. மலையில காலுறையோட போட்டா, விரல் அசைய இடமே இருந்திருக்காது."

சிவானந்தன் அந்தக் காலுறையை வாங்கி, அதன் தடிப்பை விரலால் அழுத்திப் பார்த்தார். விரல் அசையாவிட்டால் இரத்தம் ஓடாது. இரத்தம் ஓடாத விரல் பனியில் உறைந்துவிடும். இது அவருக்குத் தெரியும்.

"காலுறை உண்டான்னு நான் கேட்டிருக்கணும்," என்றார்.

ரேவதி ஹஸ்ஸான் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, குடிசைக்கு மேலே ஏறணுமா?"

"இல்லை. குடிசை வரைக்கும்தான்."

"அப்ப உங்களுக்குப் பனிக்காலணியே வேண்டாம். காட்டுக்கும் பாறைக்கும் சேர்த்து நடுத்தரமா ஒண்ணு போதும். இன்னொரு ஜோடி ஜமால் அண்ணனுக்கு. அவர் கால் வீங்கியிருக்கும். பழையதுக்குள்ள நுழையாது."

அவள் மேசைக்கு அடியில் தவழ்ந்து, கடையிலேயே பெரிய இரட்டைக் காலணியை இழுத்து வந்தாள். சிவானந்தன் ஹஸ்ஸானைக் காலுறை போடச் சொல்லி, நடுத்தரக் காலணி இரண்டை மாட்டிவிட்டார்; இரண்டும் இறுக்கின. மூன்றாவதில் விரல்கள் தாராளமாக அசைந்தன.

பன்னிரண்டு நாள்கள் எந்தச் செய்தியும் வரவில்லை. சிவானந்தன் சரியாகச் சாப்பிடவில்லை. பதின்மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. ரேவதி எடுத்தாள். ஹஸ்ஸானின் குரல்.

"அண்ணன் இருக்காரு. பழைய காலணியைக் கத்தியால கிழிச்சுத்தான் எடுத்தோம். நீ கொடுத்ததைப் போட்டுத்தான் குளிர் தாங்காத அந்தக் காலைக் காப்பாத்திக் கொண்டுவந்தோம். இடது கால்ல இரண்டு விரல் போயிடுச்சு, தங்கச்சி. இரு, அவரே பேசணுமாம்."

மெலிந்த குரல் ஒன்று, பர்மிய மரியாதைப்படி 'மா' சேர்த்துக் கூப்பிட்டது. "மா ரேவதி, இந்தக் காலணி ரொம்பத் தாராளம். இரண்டு விரல் குறைஞ்சதுல இன்னும் தாராளம்."

சிரிக்கலாமா, கூடாதா என்று தெரியாமல் ரேவதி அப்பாவைப் பார்த்தாள். அவர்தான் முதலில் சிரித்தார்.