பாலம் ஏற மறுத்த சார்

வண்டி உறுமியது. ஆனால் நகரவில்லை.

ரஞ்சிதா முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை முறுக்கினார். சத்தம் மட்டும் எகிறியது. பாலத்து ஏற்றத்தில் வண்டி ஓர் அடி ஊர்ந்தது, அதோடு சரி. அம்மா ரஞ்சிதாவுக்கும் மீன்பெட்டிக்கும் நடுவே ஒடுங்கி உட்கார்ந்திருந்த கலைமதி இறங்கிப் பார்த்தாள். செயின் அறுந்துபோகவில்லை. டயரில் காற்று இருந்தது. சக்கரத்தில் எதுவும் சிக்கவில்லை.

இன்ஜின் ஓடுகிறது. சக்கரமும் நன்றாக இருக்கிறது. அப்புறம் ஏன் போகவில்லை?

"சாருக்கு என்னம்மா ஆச்சு?"

"தெரியலையே. மீமிசல்ல கெளம்பறப்ப நல்லாத்தானே இருந்தாரு."

சார் என்பது அந்த மோட்டார் சைக்கிள்தான். பதினேழு வருடம் ஓடிய வண்டி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆத்மநாதன் சாரிடம் போன வருடம் வாங்கியது. 'ஆத்மநாதன் சார் வண்டி' என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வண்டியே சார் ஆகிவிட்டது. காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், "சார் இன்னிக்கு லீவு போல" என்பார் அம்மா.

இன்று சார் லீவு போடக் கூடாத நாள்.

பெட்டியில் இருபத்தைந்து கிலோ கொடுவா மீன் இருந்தது. அறந்தாங்கியில் ஒரு காதுகுத்து விருந்து. ஒன்பது மணிக்குள் மீன் போய்ச் சேர வேண்டும். தெருத் தெருவாக மீன் விற்கும் அம்மாவுக்கு விருந்து வீட்டிலிருந்து வந்த முதல் அழைப்பு இது. இன்று சொதப்பினால் இரண்டாவது அழைப்பு வராது.

மணி ஏழே முக்கால். மே மாத வெயில் அப்போதே சுட்டது. பெட்டியின் ஓட்டையிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

போன் அடித்தது. சமையல்காரர் ஜெபக்குமார்.

"அக்கா, எங்கிட்டு இருக்கீங்க? அடுப்பு பத்த வச்சாச்சு."

"ஆவுடையார்கோயில் தாண்டிட்டேன். வந்துக்கிட்டே இருக்கேங்க."

போனை வைத்த அம்மா பெருமூச்சு விட்டார். "எங்க வந்துக்கிட்டு இருக்கோம், நின்னுக்கிட்டுல்ல இருக்கோம்."

இருவரும் வண்டியைப் பின்னால் உருட்டி, பாலத்துக்குக் கீழே சமதளத்தில் ஒரு புளியமர நிழலில் நிறுத்தினார்கள். எதிரே மீமிசல் பக்கமாகத் தேங்காய் ஏற்றிப் போன லோடு ஆட்டோ ஒன்று நின்றது. அதிலிருந்து குணசேகரன் இறங்கினார். அம்மாவிடம் எப்போதாவது மீன் வாங்குகிறவர்.

"என்னக்கா, கத்துது, போக மாட்டேங்குதா? ஆயில் இருக்காது. எங்கிட்ட அரை லிட்டர் கெடக்கு, ஊத்திவிடுறேன்."

சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய கேனை எடுத்தார். அம்மா கை நீட்டிவிட்டார்.

"மாமா, மொதல்ல அளவு பாத்துருவோம்," என்றாள் கலைமதி.

இன்ஜின் அணைந்து சில நிமிடங்கள் ஆகியிருந்தன. சுடாமல் இருக்கத் துணியைச் சுற்றிக்கொண்டு, இன்ஜின் பக்கவாட்டில் இருந்த மூடியைத் திருகி எடுத்தாள். மூடியோடு ஒரு சின்னக் குச்சி இருந்தது. அதைத் துடைத்தாள். மறுபடி உள்ளே விட்டு, எடுத்தாள். குச்சியில் இரண்டு கோடுகள் உண்டு. கீழ்க்கோட்டுக்குக் கீழே ஆயில் போனால் குறைவு. மேல்கோட்டைத் தாண்டினால் அதிகம்.

ஆயில் நடுவில் நின்றது.

"போன மாசந்தானே மாத்துனோம்," என்றார் அம்மா. "வேணாம் தம்பி. பைக்குக்குப் பைக் ஆயில்தான் ஊத்தணும்னு ஆத்மநாதன் சாரு சொல்லியிருக்காரு. கிளட்சும் அதே ஆயில்லதான் முங்கிக் கெடக்குதாம்."

குணசேகரன் கேனை உள்ளே வைத்தார். "அப்ப கிளட்ச் கேபிள் லூசா இருக்கும். இறுக்கினா ஓடிரும்."

கலைமதி கேபிளைப் பார்த்தாள்.

கேபிள் லூசாக இருக்க முடியாது. அவள்தான் நேற்று மாலை அதை இறுக்கினாள்.

மீன்பெட்டி கட்டும் வீட்டில் தளர்ந்த கயிறு என்றாலே தப்பு. கயிறு தளர்ந்தால் பெட்டி நடுரோட்டில் கிடக்கும். மூன்றாம் வகுப்பிலிருந்தே அவள் பெட்டிக்கு முடிச்சுப் போடுகிறாள். நேற்று வண்டியைத் துடைத்தபோது இடது கைப்பிடியில் இருக்கும் கிளட்ச் லீவர் லொட லொடவென்று ஆடியது. கேபிள் நுழையும் இடத்தில் இருந்த திருகை ஆறு சுற்றுச் சுற்றினாள். ஆட்டம் போய்விட்டது. அம்மாவை ஆச்சரியப்படுத்தலாம் என்று சொல்லாமல் விட்டாள்.

இப்போது குணசேகரன் அதே திருகை இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றினார். அம்மா ஸ்டார்ட் செய்து கியர் போட்டார்.

ஏற்றத்தில் ஓர் அடியாவது ஊர்ந்த வண்டி, இப்போது சமதளத்திலேயே அசையவில்லை.

"அப்ப கிளட்ச் பிளேட்டே போச்சுக்கா," என்று தலையைச் சொறிந்தார் குணசேகரன். "ஒர்க் ஷாப் பத்து மணிக்குத்தான் தெறப்பான். நான் வாரேன், எனக்கும் நேரமாச்சு." ஆட்டோ போய்விட்டது.

சொட். சொட். பெட்டிக்கு அடியில் மண் கறுப்பாக நனைந்திருந்தது. அம்மா போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறுக்கியதும் இன்னும் மோசமானது. ஏன்?

கலைமதி கிளட்ச் லீவரைத் தொட்டாள். கொஞ்சமும் ஆடவில்லை. கேபிள் கம்பி விறைத்து நின்றது. அவளுக்குத் தன் சைக்கிள் நினைவுக்கு வந்தது. ஒருமுறை பிரேக் கம்பியை அளவுக்கு மீறி இறுக்கிவிட்டாள். கையை எடுத்த பிறகும் ரப்பர் சக்கரத்தை உரசிக்கொண்டே இருந்தது. அவள் பிரேக் பிடிக்கவில்லை. கம்பியே பிடித்துக்கொண்டிருந்தது.

"அம்மா," என்றாள். "நேத்து நான்தான் இதை இறுக்குனேன். லீவர் ஆடுச்சு. தப்புன்னு நெனச்சேன்."

அம்மா நிமிர்ந்தார். "ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"ஒன்னைய ஆச்சரியப்படுத்தலாம்னு."

"ஆச்சரியமாத்தான் இருக்கு."

கலைமதி அழவில்லை. அழுதால் நேரம் போகும். இரண்டு உள்ளங்கைகளையும் அழுத்திச் சேர்த்துக் காட்டினாள். "கிளட்சுக்குள்ள பிளேட்டுங்க இப்படி ஒட்டிக்கிட்டு இருக்கும்மா. ஒரு கை இன்ஜின், ஒரு கை சக்கரம். ஒட்டியிருந்தா ஒண்ணு சுத்தறப்ப இன்னொண்ணும் சுத்தும். லீவரைப் புடிச்சா ரெண்டும் வெலகும்."

"சரி."

"கம்பி விறைப்பா இருந்தா, லீவரைக் கொஞ்சமாப் புடிச்சுக்கிட்டே ஓட்டற மாதிரி. பிளேட்டு முழுசா ஒட்டாது. வழுக்கும். வழுக்க வழுக்கச் சூடேறும், இன்னும் வழுக்கும். அதான் இம்புட்டுத் தூரம் வந்துட்டு, ஏத்தத்துல நின்னுருச்சு."

அம்மா ஒரு நொடி வண்டியைப் பார்த்தார். "அப்ப அவுத்து விடு."

முதலில் குணசேகரன் சுற்றிய இரண்டு சுற்று. அப்புறம் அவளுடைய ஆறு. லீவர் மறுபடி லொடலொடத்தது. நுனியில் விரலை வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் கனத்துக்குச் சும்மா ஆடியது. அதற்குப் பிறகுதான் கம்பி இழுத்தது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பினாள். அப்போதும் ஆட்டம் இருந்தது.

"கெளம்பலாமா?"

"பத்து நிமிஷம் பொறும்மா. சூடு தணியட்டும்."

அவள் வாழ்க்கையிலேயே நீளமான பத்து நிமிடங்கள் அவை. போன் இரண்டு முறை அடித்தது. அம்மா எடுக்கவில்லை. ஈரச் சாக்கைப் பெட்டியின்மேல் இழுத்துப் போர்த்தினார்.

எட்டு இருபதுக்கு வண்டி மெதுவாகப் பாலத்தை நோக்கிப் போனது. ஏற்றம் தொடங்கியது. கலைமதி கண்ணை மூடிக்கொண்டாள்.

சத்தம் எகிறவில்லை. வண்டி முன்னால் இழுத்தது. காற்று முகத்தில் பட்டபோது கண்ணைத் திறந்தாள். பாலம் பின்னால் போயிருந்தது.

"சாருக்குக் கோவம் போயிருச்சு," என்றார் அம்மா.

ஒன்பதுக்கு எட்டு நிமிடம் இருந்தபோது விருந்து வீட்டின் பின்வாசலில் வண்டி நின்றது. ஜெபக்குமார் கரண்டியோடு ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது. அடியில் இன்னும் ஐஸ் கிடந்தது.

"போனை எடுக்கலைன்னதும் பயந்துட்டேன்க்கா," என்றவர், உள்ளே திரும்பும்போது சொன்னார்: "வர்ற மாசம் கட்டுமாவடியில ஒரு விசேசம் இருக்கு. ஒங்களைத்தான் கூப்புடுவேன்."

அம்மா காலிப் பெட்டியைக் கழுவி வண்டியில் வைத்தார். கலைமதி கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டாள். பிறகு, எடை குறிக்கும் மார்க்கர் பேனாவை அம்மாவிடம் வாங்கி, பெட்டியின் மூடியில் இரண்டு வரி எழுதினாள்:

பெட்டிக் கயிறு: இறுக்கிக் கட்டவும்.

கிளட்ச் லீவர்: நுனியில் ஒரு விரல் கனத்துக்கு ஆட்டம் விடவும்.